மாமனார் வீட்டு வாடகைக்காரி

கல்யாணத்தன்று அவர் எனக்கு மாமனார் ஆனார். அதற்குப் பல வருடம் கழித்து, வருமான வரிச் சட்டத்தின் புண்ணியத்தில், ஹவுஸ் ஓனரும் ஆனார். இரண்டில் எந்த உறவு நல்லது என்று யாராவது கேட்டால் நான் யோசிக்கவே மாட்டேன். இரண்டாவதுதான்.

நான் சேலம் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் கணிதம் நடத்துகிறேன். கணவர் சூரமங்கலத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறார். மாமனார் நாமக்கல் பக்கத்து ஆள், சொந்த லாரி வைத்து வடக்கே ஓட்டியவர். சேலம் ரயில்வே ஜங்ஷன் கூட்ஸ் ஷெட்டுக்கு லோடு ஏற்ற வந்து போன காலத்தில் சூரமங்கலத்தில் ஓர் இடம் வாங்கிப் போட்டு, அதில் வீடும் கட்டினார். அந்த வீட்டில்தான் நாங்கள் எல்லோரும் இருக்கிறோம். மாமியார் போன பிறகு லாரியை விற்றுக் கடன்களை அடைத்துவிட்டு, முன்னறையில் ஒரு கட்டில், ஒரு டிவி, ஒரு மின்விசிறி என்று ஒதுங்கினார். பென்ஷன் கிடையாது. லாரிக்காரனுக்கு யார் பென்ஷன் தருவார்கள்?

டீ குடிக்கக்கூட மகனிடம் கேட்க வேண்டிய நிலை. கேட்க மாட்டார். காலையில் என் கணவர் கடைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, சட்டைப் பையைத் தடவிக்கொண்டு, வானத்தைப் பார்த்து, "வெயிலு இன்னைக்குக் கொஞ்சம் சாஸ்திதான்" என்பார். அதற்குப் பொருள் டீக் காசு தீர்ந்துவிட்டது என்பது. என் கணவருக்கு அது புரிய ஒரு வருடம் ஆனது. அதுவரை வெயிலைப் பற்றியே பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது வரிக்கு வருகிறேன். பழைய வருமான வரிச் சட்டம் கல்யாணமாகாத நாத்தனார் மாதிரி. எல்லாவற்றிலும் மூக்கை நுழைக்கும். இன்சூரன்ஸ் எடுத்தாயா, பிள்ளைக்கு ஃபீஸ் கட்டினாயா, வீட்டுக் கடன் வாங்கினாயா, அப்பா அம்மாவுக்கு மருத்துவக் காப்பீடு போட்டாயா என்று கேட்டுக்கொண்டே இருக்கும். ஆமாம் என்றால் வரியில் கொஞ்சம் குறைக்கும். எங்கள் ஸ்டாஃப் ரூமில் மாசி பிறந்துவிட்டால் பாடம் பற்றி யாரும் பேச மாட்டோம். சாகப் போகும் தேதி தெரிந்தவர்கள் மாதிரி, வருடம் முழுக்கச் சும்மா இருந்துவிட்டு மார்ச்சில் மட்டும் பாலிசி எடுப்போம்.

அப்படி ஒரு மாசியில்தான் பக்கத்து நாற்காலி அக்கா எனக்கு வழி காட்டினார். "மாமனார் பேர்லதானே வீடு இருக்கு? அவருக்கு வாடகை குடுக்கறதா காட்டுங்க. வீட்டு வாடகைப் படிக்கு வரி விலக்கு கிடைக்கும். பன்னெண்டு ரசீது எழுதி, ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, கையெழுத்து வாங்கிட்டா முடிஞ்சது." பன்னிரண்டையும் ஒரே நாளில் எழுதினால் சந்தேகம் வருமாம். ஆகவே நீலப் பேனா, கறுப்புப் பேனா என்று மாற்றி மாற்றிப் போடச் சொன்னார். ஏப்ரல் ரசீது பழையதாகத் தெரிய வேண்டும் என்று அதன் மேல் டீ டம்ளரை வைத்து எடுத்தவர்களும் உண்டாம்.

நான் மூன்று பேனாக்களோடு மாமனாரிடம் போனேன். அவர் ரசீதுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேனாக்களையும் பார்த்தார்.

"இதென்ன சாமி, நான் இவ்வளவு வாடக வாங்குனேனா?"

"இல்லீங்க மாமா. சும்மா கணக்குக்கு."

"அதெல்லாம் ஆவாது அம்மணி. லோடே ஏத்தாம லோடு பில்லு போடற வேல இது. அந்தத் தப்ப நான் லாரி ஓட்டறப்பவே பண்ணுல."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஊரே செய்கிறதை இவர் ஒருவர் செய்ய மாட்டாராம். கட்டிலில் படுத்திருப்பவருக்கு இவ்வளவு நேர்மை எதற்கு என்றுகூடத் தோன்றியது. அந்த வருடம் வரியை முழுசாகக் கட்டினேன். கட்டிய வயிற்றெரிச்சலில் ஒன்று முடிவு செய்தேன். அடுத்த ஏப்ரலிலிருந்து உண்மையிலேயே வாடகை கொடுத்துவிடுவது. மாதம் பிறந்தால் என் கணக்கிலிருந்து அவர் கணக்குக்குப் பணம் போகும். அவர் ரசீது தருவார். சட்டப்படி சுத்தம். காசு வீட்டுக்குள்ளேதானே சுற்றப் போகிறது என்று என் கணவரும் ஒத்துக்கொண்டார்.

வாடகை என்றால் அக்ரிமெண்ட் வேண்டுமே. ஜங்ஷன் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் ரெடியாக ஒரு வாசகம் வைத்திருக்கிறார்கள். பெயரையும் முகவரியையும் மட்டும் மாற்றி ஸ்டாம்ப் பேப்பரில் அடித்துக் கொடுத்தார்கள். நான் அதைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை. சேலத்தில் வாடகைக்குக் குடியிருப்பவர்களில் யார் படித்தார்கள்? மாமனார் படித்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு, விரலால் வரி வரியாகத் தொட்டு, சாயங்காலம் முழுக்கப் படித்தார். படித்து முடித்துவிட்டு, "அட்வான்ஸு எங்க?" என்றார்.

"அப்பா, நம்ம ஊடுங்க" என்றார் என் கணவர்.

"நம்ம ஊடுதான். அட்வான்ஸு வாங்காம எவன்டா ஊடு உடுவான்? பத்து மாசம் கேக்கறதுதான் மொற. நீங்க ஒரு மாசந் தந்தாப் போதும்."

தந்தோம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஆட்சி மாறியது.

முதலில் குழாய். சமையலறைத் தொட்டிக் குழாய் பல காலமாக ஒழுகிக்கொண்டிருந்தது. கணவரிடம் சொன்னால் பார்க்கலாம் என்பார். மாமனாரிடம் சொன்னால், "பாப்போஞ் சாமி" என்பார். இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் போல. வாடகை கொடுத்த முதல் வாரத்தில் விளையாட்டாகச் சொன்னேன்: "ஓனருங்களே, குழா ஒழுகுதுங்க." மாமனார் கட்டிலிலிருந்து எழுந்தார். அக்ரிமெண்டை எடுத்தார். பழுது பார்ப்பது உரிமையாளர் பொறுப்பு என்ற இடத்தைப் படித்தார். மத்தியானம் பிளம்பர் வந்துவிட்டார். அடுத்தடுத்து பாத்ரூம் தாழ்ப்பாள், மாடிப்படி பல்பு, துணி துவைக்கும் கல்லின் விரிசல் எல்லாம் சரியாயின. மருமகளாக வருடக்கணக்கில் கேட்டுக் கிடைக்காததெல்லாம் வாடகைக்காரியாக ஒரே மாதத்தில் கிடைத்தது. இதைத் தெரிந்திருந்தால் கல்யாணத்துக்கு முன்பே அக்ரிமெண்ட் போட்டிருப்பேன்.

இன்னொன்றும் நடந்தது. அதற்கு முன் மாமனார் சமையலறைக்குள் நேராக வந்து, பாத்திர மூடியைத் தூக்கி என்ன குழம்பு என்று பார்த்துவிட்டுப் போவார். முன்னறிவிப்பு இல்லாமல் உரிமையாளர் உள்ளே வரக் கூடாது என்று அக்ரிமெண்டில் இருந்ததால், இப்போது நிலைப்படிக்கு வெளியே நின்று தொண்டையைக் கனைப்பார். "அம்மணி, உள்ள வரலாமா?" என்பார். நான் வரலாம் என்றதும் வந்து, மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போவார்.

எனக்கும் கட்டுப்பாடு இருந்தது, மறைக்கவில்லை. மகள் பள்ளியில் வாங்கிய பரிசோடு நிற்கும் போட்டோவை ஹாலில் மாட்டினேன். அன்று சாயங்காலம் மாமனார் அக்ரிமெண்டோடு வந்தார்.

"செவுத்துல ஆணி அடிக்கக் கூடாதுன்னு போட்டிருக்குதில்ல அம்மணி?"

"உங்க பேத்தி போட்டோங்க மாமா."

"பேத்தி போட்டோதான். செவுரு ஓனருதில்ல."

தானே ஆணியைப் பிடுங்கி, ஓட்டையில் வெள்ளைச் சிமெண்ட் வைத்துப் பூசினார். ஒட்டும் கொக்கி ஒன்றைத் தன் காசில் வாங்கி வந்து போட்டோவை மாட்டியும் கொடுத்தார். எங்கள் தெருவிலேயே ஆணி ஓட்டை இல்லாத சுவர்கள் எங்கள் வீட்டில்தான் இருந்தன.

வாடகை வந்த மறுநாள் இஸ்திரி போட்ட சட்டையோடு ஏ.டி.எம்.முக்குக் கிளம்புவார். அதற்குப் பிறகு நடப்பதுதான் பொருளாதாரம். டீக்கடையில் ரிட்டையர்டு ரயில்வேக்காரர்கள் கூட்டத்துக்கு அவர் செலவில் டீயும் போண்டாவும். வாடகை வருமானத்தைக் காட்டி ஒவ்வொரு வருடமும் ரிட்டன் வேறு போட்டார். அவர் வருமானத்துக்கு வரி ஒரு ரூபாய்கூட வராது. ஆனாலும் டீக்கடையில் போய், "என்னங்க, ரிட்டன் போட்டாச்சுங்களா?" என்று எல்லோரையும் கேட்பார். பிறகு வெண்ணந்தூரில் இருக்கும் தங்கை வீட்டுக்கு இனிப்பு, காரம், பழம் எல்லாம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவார். அவர்கள் தறிக்காரர்கள். அண்ணன் வெறுங்கையோடு போகலாமா என்று தங்கை கட்டுக் கட்டாகத் துண்டு கொடுத்து அனுப்புவார். எங்கள் வீட்டில் இருக்கும் துண்டுகளை வைத்து ஒரு லாட்ஜ் நடத்தலாம்.

வெயிலைப் பற்றி அவர் பேசுவது நின்றுபோயிருந்தது. நான் அதைக் கவனித்தேன், சந்தோஷமாகவும் இருந்தது. ஆனால் அதை வரி விலக்கின் பக்கத்தில் வைத்து நான் யோசிக்கவில்லை.

பிறகு அந்த பட்ஜெட் வந்தது. புதிய முறையில் பன்னிரண்டு லட்சம் வரை வருமான வரி இல்லை. டிவியில் கோட்டு போட்ட ஒருவர் விளக்கினார். நடுத்தரக் குடும்பங்களின் கையில் பணம் மிஞ்சும், மிஞ்சினால் செலவு செய்வார்கள், செலவு செய்தால் நாடு வளரும். என் கணவர் சோபாவில் எழுந்தே நின்றுவிட்டார். மாமனார் கட்டிலில் உட்கார்ந்தபடி, "நல்லதுதானுங்க, சனங்க கையில நாலு காசு நிக்கட்டும்" என்றார். எனக்கும் மகிழ்ச்சிதான், இப்போதும் மகிழ்ச்சிதான். மூக்கை நுழைத்துக்கொண்டிருந்த நாத்தனாரைக் கட்டிக்கொடுத்து அனுப்பியது போல இருந்தது. பாலிசி வேண்டாம், ரசீது வேண்டாம், ஸ்டாம்ப் வேண்டாம். உன் சம்பளம், உன் பாடு. சட்டம் முதல்முறையாக என்னை வளர்ந்த மனுஷியாக மதித்தது.

அந்த இரவே என் கணவர் கேட்டார்: "வாடகைக்கு விலக்கே இல்லைன்னா, அப்பறம் எதுக்கு வாடகை?"

கணிதம் படித்தவளுக்கு இதில் மறுக்க ஒன்றும் இல்லை. சமன்பாட்டின் ஒரு பக்கம் பூஜ்யமாகிவிட்டால் மறுபக்கத்தை எதற்கு வைத்திருப்பது? அவருக்கு வெகுநாளாக ஒரு கார் ஆசை. வாடகைப் பணத்தை அதற்குச் சேர்ப்பது என்று முடிவானது. அப்பாவிடம் அவரே சொன்னார். மாமனார் கேட்டுக்கொண்டார். "அதுவுஞ் செரிதான்" என்றார்.

மறுநாள் காலையில் என் டீ டம்ளருக்குப் பக்கத்தில் ஒரு கவர் இருந்தது. நாங்கள் கொடுத்த அட்வான்ஸ். காலி செய்யும்போது வெள்ளையடிக்க என்று ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டு தருவதுதான் எங்கள் ஊர் ஓனர்களின் வழக்கம். மாமனார் பிடித்தம் செய்யாமல் முழுசாகத் தந்திருந்தார். எனக்கு என்னவோ போல இருந்தது. செலவு செய்ய மனமில்லாமல் அந்தக் கவரை அப்படியே பீரோவில் வைத்தேன்.

அட்வான்ஸ் திரும்பிவிட்டால் யாராவது காலி செய்ய வேண்டும். நாங்கள் அப்படியேதான் இருந்தோம்.

மெல்ல மெல்லத்தான் எனக்குத் தெரிந்தது. மாமனார் சமையலறைப் பக்கம் வருவதே இல்லை. என்ன குழம்பு என்று கேட்பதும் இல்லை. போட்டதைச் சாப்பிட்டார். முன்னறையை விட்டு வெளியே வரும்போதெல்லாம் மின்விசிறியை நிறுத்திவிட்டு வந்தார், அது யார் கட்டும் கரண்டோ என்பது போல. டீக்கடைக்குப் போவது குறைந்தது. ரயில்வேக்காரர்களில் ஒருவர் வழியில் என்னை நிறுத்தி, "பெரியவருக்கு உடம்பு சரியில்லீங்களா?" என்றார். வெண்ணந்தூர் அத்தை போன் செய்து, அண்ணன் ஏன் வரவில்லை என்று கேட்டார். கால் வலி என்று சொல்லச் சொன்னார் மாமனார். டவுன் பஸ்ஸில் எங்களுக்கெல்லாம் இலவசம், ஆம்பளைகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஒரு காலை அவர் வாசலில் நின்று, என் கணவரைப் பார்க்காமல், "வெயிலு கொஞ்சம் சாஸ்திதான்" என்றார். வெளியே தூறிக்கொண்டிருந்தது.

குழாய் மறுபடி ஒழுக ஆரம்பித்தது. மாமனாரிடம் சொன்னேன். "பையங்கிட்டச் சொல்லு சாமி" என்றார். பையனிடம் சொன்னேன். பார்க்கலாம் என்றார். குழாயடியில் ஒரு குண்டானை வைத்துவிட்டு, நிறைந்தால் துளசிச் செடிக்கு ஊற்றினேன்.

அந்த வருடமே சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி.யையும் குறைத்தார்கள். என் கணவருக்குச் சொர்க்கம் கையெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. கடையிலிருந்து தினமும் ஒரு கார் கம்பெனி விளம்பரத் தாளோடு வந்தார். வெள்ளையா சாம்பலா என்று மகளோடு சண்டை. மார்கழியில் வேண்டாம், தை பிறந்ததும் எடுத்துவிடுவது என்று தீர்மானம். தை பிறந்தால் ஊருக்கெல்லாம் வழி பிறக்கும், எங்களுக்கு அந்த வழியில் ஓட காரும் பிறக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். சேர்த்த வாடகையில் முன்பணம் தேறிவிட்டது. மாதத் தவணைக்கும் அந்த வாடகைப் பணத்தைத்தான் நம்பியிருந்தோம்.

அந்த மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். நிலைப்படியில் கனைப்புச் சத்தம் கேட்டது. அந்தக் கனைப்பைக் கேட்டு எத்தனை மாதமாயிற்று. நிமிர்ந்து பார்த்தேன். மாமனார் நின்றிருந்தார். ஒரு கையில் மளிகைக் கடையில் கொடுத்த புதுத் தினசரிக் காலண்டர். இன்னொரு கையில் ஓர் ஆணி.

"அம்மணி, எம்பட ரூம்புல இந்தக் காலண்டர மாட்டோணும். ஒரு ஆணி அடிச்சுக்கட்டுமா?"

அவர் கேலியாகக் கேட்கவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. அவர் கட்டிய வீடு. செங்கல்லை அவரே லாரியில் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார். பேத்தியின் போட்டோவுக்கே ஆணி கூடாது என்று சண்டை போட்டவர், தன் சுவரில் அடிக்க என்னிடம் அனுமதி கேட்டு நிற்கிறார். எனக்குப் பொல்லாத கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம். டெல்லிக்காரர்கள் மேல் கோபப்பட வழியில்லை. பாவம், அவர்கள் நல்லதுதான் செய்தார்கள், வரியைக் குறைத்தார்கள். மிஞ்சிய காசை யார் கையிலிருந்து எடுத்து யார் கையில் வைப்பது என்பது எங்கள் வீட்டு பட்ஜெட். அதை நாங்கள் அல்லவா போட்டோம்?

"எனக்குத் தெரியாதுங்க மாமா" என்றேன். "ஓனரத்தான் கேக்கோணும்."

அவர் சிரித்தார். காலண்டரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்னறைக்குப் போனார். ஆணி அடிக்கிற சத்தம் வரவே இல்லை.

மறுநாள் கல்லூரி விட்டதும் நேராக ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். அதே வாசகம், புதுத் தேதி. கையெழுத்துப் போட்டு எடுத்து வந்து கணவர் முன்னால் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார், கார்த் தாளையும் பார்த்தார்.

"இதுல ஒத்தை ரூபா வரி மிச்சமில்ல, தெரியுமில்ல?"

"தெரியுமுங்க."

"அப்பறம் எதுக்கு வாடக?"

"குடியிருக்கறோமில்லீங்களா?" என்றேன். "குடியிருந்தா வாடக குடுக்கோணும்."

அவர் கார்த் தாளை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்துவிட்டார். காலையில் பல் துலக்கிக்கொண்டே, "செகண்ட் ஹேண்டுல பாக்கறேன்" என்றார். புதுக் கார் விலை இறங்கியதால் பழைய காரும் இறங்கியிருந்தது. அந்த அளவுக்கு ஜி.எஸ்.டி. எங்களுக்கும் உதவியது. தையில் வந்தது ஒரு பழைய சாம்பல் கார்.

அக்ரிமெண்டை மாமனாரிடம் நான்தான் கொண்டுபோனேன், கூடவே பீரோவில் இருந்த அந்த அட்வான்ஸ் கவரையும். கவரைப் பார்த்ததும் அவருக்கு அடையாளம் தெரிந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பழையபடி விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். ஆணி பற்றிய இடத்தில் விரல் நின்று, தலை ஆடியது.

"பழைய வாடகையே போட்டிருக்கறயே அம்மணி. புதுப்பிச்சா கொஞ்சம் ஏத்தறதுதான மொற?"

"கார் தவணை இருக்குதுங்க மாமா. கொஞ்சம் பாத்துப் பண்ணுங்க."

"செரி, பொழச்சுப் போங்க" என்று கையெழுத்துப் போட்டார். அதுவரை ஜன்னல் கம்பியில் தொங்கிய காலண்டரை மறுநாள் ஒட்டும் கொக்கிக்கு மாற்றினார்.

அன்று சாயங்காலம் சமையலறை வாசலில் கனைப்புக் கேட்டது. "அம்மணி, உள்ள வரலாமா?" வாங்க என்றேன். வந்து மூடியைத் தூக்கிக் குழம்பைப் பார்த்தார். பிறகு குழாயடியில் இருந்த குண்டானைப் பார்த்தார்.

"இது எத்தன நாளா ஒழுகுது?"

"நீங்க காலி பண்ணிட்டுப் போனதுல இருந்துங்க மாமா" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேல் துண்டில் வெகுநேரம் துடைத்தார். பிறகு பிளம்பருக்குப் போன் போட்டார்.